அயா சோபியாவின் வட்டமும் உம்மாவின் துணிப்படமும்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் தங்கச்சியின் பெயருக்கு வீட்டை எழுதிக் கொடுத்தோம். நம் பக்கத்து வழமைதான். மூத்த வீடு மகளுக்கு, பின்வளவில் இரண்டு அறையோடு ஒரு சின்ன வீடு உம்மாவுக்கு. எல்லாம் சந்தோசமாகத்தான் நடந்தது. ஆனால் ஹோல் சுவரில் முப்பது வருசத்துக்கு மேல் தொங்கிய ஒரு துணிப்படத்தில் வந்து கதை நின்றுவிட்டது.

கஃபாவும் ஹரமும் போட்ட வெல்வெட் துணி. அகலம் 5 அடி, உயரம் மூன்றரை அடி. 1980களின் கடைசியில் உம்மா சவூதியில் வீட்டு வேலைக்குப் போயிருந்த காலத்தில், அந்த வீட்டார் உம்றாவுக்குக் கூட்டிப் போன நாளில், மக்காவில் ஒரு கடையில் வாங்கியது. பெட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்த மடிப்புக் கோடு இன்னும் நடுவில் தெரியும். அதை உம்மா தன்னோடு பின்வீட்டுக்கு எடுத்துப்போனார். அந்த அறை பத்தடிக்கு ஒன்பதடி. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் அலுமாரி. மிஞ்சியது கட்டிலின் தலைமாட்டுச் சுவர். அங்கே மாட்டினோம். சுவரே மறைந்துபோனது. படுத்தால் படம் தலைக்குப் பின்னால். கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்க்க இடமில்லை.

இங்கே ஹோலில் வெறுமையான சுவருக்கு மச்சான் ஆறடிக்கு மூன்றடி அக்ரிலிக் ஆயத்துல் குர்ஸி ஒன்றுக்கு ஓடர் கொடுத்து, அட்வான்சும் கட்டிவிட்டார். பின்னாலிருந்து லைட் எரியும் வகை. "சரித்திரம் படிப்பிக்கிற நீங்களே சொல்லுங்க, இது பெருசா?" என்று கேட்டார். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. தேடி வாசித்தோம், வகுப்புப் பிள்ளைகளோடு கணக்கும் போட்டுப் பார்த்தோம். அதைத்தான் எழுதுகிறோம்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதலில் கற்றுத் தந்த விசயங்களில் ஒன்று சுவர்ப்படம் செய்வது. பிரிஸ்டல் போர்டில் அழகாக எழுதி, பூப்போட்டுக் கொண்டுபோவோம். விரிவுரையாளர் வாங்கிப் பார்க்கமாட்டார். வகுப்பின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டு, கரும்பலகையில் ஒட்டச் சொல்வார். அங்கிருந்து வாசிக்க முடியாவிட்டால் திரும்ப எழுத வேண்டும். படத்தின் அளவைத் தீர்மானிப்பது போர்டும் இல்லை, சுவரும் இல்லை, கடைசி வாங்குப் பிள்ளைதான். இஸ்லாமிய உலகின் எழுத்தணிக் கலைஞர்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிடித்துவிட்டார்கள் என்பது இப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

முதலில் மதீனா. நபி (ஸல்) அவர்களின் மனைவியரின் அறைகள் எவ்வளவு சிறியவை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. உஸ்மான் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் சிறுவனாக அந்த வீடுகளுக்குள் போயிருந்த ஹஸனுல் பஸரீ (ரஹ்) அவர்கள், கையை நீட்டினால் கூரையைத் தொட முடிந்தது என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஒரு பையனின் கைக்கு எட்டும் கூரை! அப்படிப்பட்ட அறையின் ஒரு பக்கத்தில் ஆயிஷா (ரழி) அவர்கள் சித்திரங்கள் கொண்ட திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். தொழும்போது அந்தச் சித்திரங்கள் கண்முன் வந்துகொண்டே இருப்பதால் அதை அகற்றும்படி நபியவர்கள் சொன்னது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. உருவம் கூடுமா கூடாதா என்ற சட்டத்தை உலமாக்கள் சொல்வார்கள், நாங்கள் அதற்குள் போகவில்லை. வீட்டுக்காரராக நாம் கவனிக்கக்கூடிய இன்னொன்று அங்கே இருக்கிறது. கை எட்டும் கூரையின் கீழ், நாலு பக்கமும் நெருங்கிய அறையில் ஒரு திரையளவு சித்திரம் என்றால் கண்ணுக்குத் தப்ப இடமில்லை.

அந்த அறைகள் இன்று இல்லை. வலீத் கலீபாவின் காலத்தில், மதீனாவின் ஆளுநராக இருந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியைப் பெருப்பித்தபோது அவை பள்ளிக்குள் சேர்க்கப்பட்டன. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இது நடந்துவிட்டது.

அடுத்தது பக்தாத். 10ஆம் நூற்றாண்டில் அப்பாஸிய கலீபாக்களுக்கு வஸீராக இருந்த இப்னு முக்லா எழுத்துக்கு அளவு வைத்தார். பேனையை ஒரு முறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளிதான் அளவுகோல். அலிப் இத்தனை புள்ளி உயரம், மற்ற எழுத்துகள் அந்த அலிப்புக்கு இத்தனை பங்கு என்று கணக்கு. அரசியலில் சிக்கி அவருடைய வலது கை வெட்டப்பட்டது, 940இல் சிறையில் மரணித்தார். கை போனாலும் கணக்கு போகவில்லை. பேனையின் அகலம் மாறினால் எழுத்து முழுவதும் அதே விகிதத்தில் மாறும் என்பதை எழுதுகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பேனைக்கும் அளவு இருந்தது. ஆகப் பெரிய பேனைக்குத் தூமார் என்று பெயர். அதன் முனையின் அகலம் குதிரை மயிர் 24ஐ அடுக்கி வைத்த அகலம். அதில் மூன்றிலொரு பங்கு, அதாவது 8 மயிர் அகலம் கொண்டது துலுத். துலுத் என்றால் அரபியில் மூன்றிலொன்று. நம் பள்ளிவாசல் மிஹ்ராபுக்கு மேலே காணும் வளைந்து நெடிய அந்த எழுத்தின் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் இது ஒன்று. பெயரிலேயே அளவு இருக்கிறது பாருங்கள். 1418இல் மரணித்த எகிப்தின் கல்கஷந்தீ, அரச காரியாலய எழுத்தர்களுக்காக ஒரு பெரும் நூல் எழுதினார். இந்த அளவுள்ள தாளுக்கு இந்தப் பேனை என்று அதில் வகுத்து வைத்திருக்கிறார். பெரிய தாளில் சின்னப் பேனையும், சின்னத் தாளில் பெரிய பேனையும் அவர்களுக்குப் பிழையான வேலை.

இதுவரை பேசியது பெரும்பாலும் தாள். வீட்டுச் சுவரில் மாட்டும் பலகைக்கு வர வேண்டுமானால் இஸ்தான்புலுக்குப் போக வேண்டும். 1698இல் மரணித்த ஹாபிழ் உஸ்மான் என்ற உஸ்மானியக் கலைஞர், நபியவர்களின் தோற்றத்தை வர்ணிக்கும் ஹில்யா வாசகத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தார். மேலே பிஸ்மில்லாஹ், நடுவே வட்டம், சுற்றி நாலு கலீபாக்களின் பெயர்கள், கீழே ஒரு ஆயத்து, மிச்ச வாசகம் அதற்குக் கீழே. அதற்கு முன் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்ட வாசகம் சுவருக்கு வந்தது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிஸ்மில்லாஹ் பெரிய எழுத்து, நடுவட்டம் சிறிய எழுத்து. வாசலில் நிற்கிறவருக்குப் பெரியது தெரியும், கிட்ட வந்து நிற்கிறவர் சின்னதை வாசிப்பார். இரண்டு தூரத்துக்கு ஒரே பலகை.

அவருக்கு ஒரு நூற்றாண்டு பிந்தி வந்தவர் முஸ்தபா ராகிம். 1758இல் பிறந்து 1826இல் மரணித்தார். இவரைப் பற்றி வாசித்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது, காரணம் கொஞ்சம் சிரிப்பானதுதான். அவர் காலம் வரை சுவருக்கான பெரிய எழுத்தில் ஒரு குறை இருந்தது. தாளில் அழகாக இருக்கும் எழுத்தைப் பெருப்பித்தால் ஒரு பக்கம் ஊதி, ஒரு பக்கம் மெலிந்துபோகும். ராகிம் ஓவியரும் கூட. சின்ன மாதிரியின் மேல் கட்டம் கீறி, சுவரளவுக்குப் பெரிய கட்டம் கீறி, கட்டத்துக்குக் கட்டம் மாற்றினார். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்கு எது சரியாகத் தெரியும் என்று பார்த்துத் திருத்தினார். ஜலீ துலுத் என்னும் பெரிய எழுத்து அவர் கையில்தான் நிறைவடைந்தது என்பார்கள்.

கட்டம் கீறிப் பெருப்பிக்கிறதா? இலங்கைப் படத்தைப் புத்தகத்திலிருந்து கரும்பலகைக்குக் கொண்டுவர நாங்கள் ஒவ்வொரு வருசமும் செய்வது அதுதானே! தரம் 6 பிள்ளைக்குக்கூடத் தெரியும். கட்டத்தை விட்டுவிட்டுக் கண்மதிப்பில் கீறினால் யாழ்ப்பாணம் இந்தியாவுக்குப் போய்விடும்.

அவர்கள் மேலும் ஒரு படி போனார்கள். பெருப்பித்த எழுத்தின் ஓரம் முழுக்க ஊசியால் துளையிட்டு, தாளைப் பலகையில் வைத்து, கரித்தூளைத் துணிமூட்டையில் கட்டித் தட்டுவார்கள். துளை வழியே தூள் இறங்கி எழுத்தின் கோடு பலகையில் பதியும். பிறகு தங்கத் தகடு. ஒரே ஊசித்தாளிலிருந்து பல பலகைகள் செய்யலாம்.

இனி அயா சோபியா. எங்கள் கணக்கு இங்கேதான் இருக்கிறது.

537இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம். குவிமாடத்தின் உச்சி நிலத்திலிருந்து ஏறத்தாழ 55 மீற்றர். 1453இல் பள்ளிவாசலானது. 19ஆம் நூற்றாண்டில் வெடிப்பு விழுந்து நிலைமை மோசமானபோது, சுல்தான் அப்துல் மஜீத் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஃபொஸாட்டி சகோதரர்களை அழைத்தார். 1847 தொடக்கம் 1849 வரை திருத்த வேலை நடந்தது. அந்த வேலையோடுதான் முஸ்தபா இஸ்ஸத் எபெந்தி எழுதிய எட்டுப் பெரிய வட்டப் பலகைகள் மேலே ஏறின. இராணுவ நீதிபதிப் பதவி வகித்தவர், நெய் என்னும் குழலும் வாசிப்பார், இசையும் அமைப்பார். அல்லாஹ், முஹம்மத் (ஸல்), நாலு கலீபாக்கள், ஹஸன், ஹுஸைன் (ரழி) ஆகிய பெயர்கள். ஒவ்வொரு வட்டத்தின் விட்டமும் ஏழரை மீற்றர். எழுத்தின் கோடு மட்டும் 35 சென்ரிமீற்றர் தடிப்பு, வகுப்பறை அடிமட்டத்தை விட அகலம். இஸ்லாமிய உலகிலேயே பெரிய எழுத்துப் பலகைகள் இவைதான் என்று சொல்வார்கள்.

1934 நவம்பரில் அயா சோபியாவை நூதனசாலையாக்கத் துருக்கி அமைச்சரவை தீர்மானித்தது. 1935 பெப்ரவரியில் திறந்தார்கள். வட்டங்களைக் கீழே இறக்கினார்கள். வெளியே கொண்டுபோகப் பார்த்தால், எந்தக் கதவாலும் போகவில்லை! உள்ளே சாத்தி வைத்தார்கள். 1949இல் திரும்ப மேலே ஏற்றும் வரை அப்படியே நின்றன. வீட்டுக்குள்ளேயே செய்வித்த அலுமாரியை வெளியே எடுக்க முடியாமல் கதவு நிலையைக் கழற்றிய வீடுகள் நம் ஊரிலும் உண்டு, சிரிக்க வேண்டாம்.

தரம் 9 பிள்ளைகளிடம் இதைக் கணக்காகக் கொடுத்தோம். 55 மீற்றர் உயர மண்டபத்தில் ஏழரை மீற்றர் வட்டம் என்றால், அதே விகிதத்தில் 10 அடி உயர ஹோலில் எவ்வளவு? பிள்ளைகள் மூன்றடி, நாலடி என்று ஊகம் சொன்னார்கள். விகிதம் போட்டுப் பார்த்தார்கள். ஏழிலொரு பங்கைவிடச் சற்றுக் கூட இல்லை, குறைவு. விடை 16 அங்குலம்.

பதினாறு அங்குலம்! ஒரு பிள்ளை எழுந்து தன் கொப்பியை விரித்து, இவ்வளவா என்று காட்டியது. உலகத்தில் பெரியது என்று பேர்பெற்ற பலகை நம் வீட்டு ஹோலுக்கு வந்தால், விரித்த கொப்பியளவு. அதுவும் அந்தக் கட்டடத்துக்கு அதிகம் என்று குறை சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் போட்டோம், கிஸ்வா. கஃபாவின் கறுப்புத் துணி ஏறத்தாழ 14 மீற்றர் உயரம். மேற்பகுதியில் சுற்றிவரும் தங்கநூல் எழுத்துப் பட்டியின் அகலம் 95 சென்ரிமீற்றர். ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு. 10 அடிச் சுவருக்கு 8 அங்குலம். தவாப் செய்கிறவர்கள் கீழேயிருந்து அண்ணாந்து அதைப் பார்க்கிறார்கள். மிச்சம் பெரும்பாலும் கறுப்பு. அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் அந்தத் தங்கம் அப்படித் தெரியாது. சுவரில் வெறுமையும் வேலை செய்கிறது என்பதை இதைவிட எப்படிச் சொல்ல?

உயரத்துக்கு ஏற்ப எழுத்தை மாற்றுவதற்கு ஆக்ராவின் தாஜ் மஹால் நல்ல உதாரணம். ஷீராஸிலிருந்து வந்த அமானத் கான் என்பவர் வடிவமைத்த எழுத்துகள், வெள்ளைப் பளிங்கில் கறுப்புக் கல் பதித்தவை. மேலே போகப் போக எழுத்து சற்றுப் பெரிதாகும். கீழே நிற்கிறவருக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். ஸ்பெயினின் கிரனாடாவில் அல்ஹம்ராவின் முறை வேறு. அங்கே அது வாழ்கிற வீடு. இரு சகோதரிகள் மண்டபம் என்று சொல்லப்படும் இடத்தில், கீழ்ச்சுவரில் பதித்த ஓட்டுக்குச் சற்று மேலே, கண் எட்டும் உயரத்தில் கவிதை வரிகள் ஒரு பட்டியாகச் சுற்றி ஓடுகின்றன. வாசல் வளைவின் ஓரத்தில் தண்ணீர்ச் சாடி வைக்கும் சின்ன மாடங்களுக்கு அந்த மாடத்தளவிலேயே எழுத்து. தண்ணீர் எடுக்கக் குனிகிறவர் வாசிக்க அது போதும்.

சரி, நம் வீடுகளில் ஐந்தடி, ஆறடி எப்படி வந்தது?

உம்மாவின் தலைமுறைக்கு முன், நம் பக்கத்து வீடுகளில் சுவரில் இருந்தது ஒரு கலண்டர், ஒரு கடிகாரம், சில வீடுகளில் கண்ணாடி போட்ட சின்ன எழுத்துப் படம். 1970களின் கடைசியிலிருந்து ஆணும் பெண்ணும் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். திரும்பும்போது பெட்டியில் கம்பளி, டேப் ரெக்கோர்டர், வெல்வெட் துணிப்படம். துணி மடிபடும், உடையாது, பாரமில்லை. அதனால்தான் அவ்வளவு பெரிதாகக் கொண்டுவர முடிந்தது. கண்ணாடிப் படமாக இருந்தால் விமானத்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அது தொங்கிய வீடுகளும் ஓட்டுக்கூரை வீடுகள். சுவர் பத்தடி, அதற்கு மேல் கூரை சரிந்து இன்னும் உயரும். படத்துக்கு மேலே காற்று இருந்தது. இப்போது கட்டுவது ஒன்பதரை அடியில் சீலிங். சுவர் குறுகியது, படம் வளர்ந்தது. நம் பிழை எங்கே தொடங்கியது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

அந்தத் துணிகளைப் பெருமைக்கு மாட்டியவை என்று இன்று யாராவது எழுதினால் நாங்கள் ஒத்துக்கொள்ளமாட்டோம். இரண்டு வருசம் அடுத்தவர் குசினியில் நின்ற பெண் கொண்டுவந்த ஒரே பெரிய பொருள் அது. ஆனால் இப்போது கடையில் ஆறடி அக்ரிலிக் வாங்குவதற்கு அந்தக் காரணமும் இல்லை. வீடு குடிபுகும்போது எல்லாரும் ஒரே மாதிரி ஆயத்துல் குர்ஸி பிரேம் கொண்டுவந்து, நாலைந்து சேர்ந்து, கட்டிலுக்குக் கீழே தூசி பிடித்துக் கிடக்கிறது. அல்லாஹ்வின் கலாம் கட்டிலுக்குக் கீழே. இதை மனவருத்தத்தோடுதான் எழுதுகிறோம். அன்பளிப்புக் கொடுக்கிறவர்கள் ஒரு தடவை வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்கினால் பாதி தீரும்.

மச்சானோடு ஹோலில் உட்கார்ந்து அளந்து பார்த்தோம். விளம்பரப் பலகை எழுதுகிறவர்கள் 10 அடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஹோலில் செட்டியிலிருந்து எதிர்ச்சுவர் 11 அடி. ஆயத்துல் குர்ஸியில் 50 சொல். எழுத்து ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, வரிக்கு 10 சொல் வைத்தால் ஐந்து வரி. இரண்டரை அடி அகலம் போதும், வாசிக்கவும் முடியும். அவர் ஓடர் கொடுத்திருந்த ஆறடியில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரு பூவடிவத்தில் பின்னிக் கிடந்தன. படத்தைப் போனில் காட்டி, எங்கே தொடங்குகிறது என்று கேட்டோம். மச்சான் ஓதத் தெரிந்தவர். தேடினார், பிறகு சிரித்துவிட்டார். கடைக்காரர் அட்வான்சைத் திருப்பித் தரமாட்டேன் என்றார். ஆனால் இரண்டரை அடியில், நேர்வரியில் வேறொன்று செய்துதர ஒத்துக்கொண்டார். லைட் இல்லை.

செட்டிக்கு மேலே மாட்டுகிறவர்களுக்கு, செட்டியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆறடிச் செட்டிக்கு நாலடி, அதற்குள் எதுவானாலும் சரி. செட்டியின் சாய்மானத்துக்கும் படத்துக்கும் இடையில் ஆறேழு அங்குலம் விட்டால் போதும். இரண்டடி மேலே தூக்கி மாட்டினால் படம் செட்டியோடு சேராமல் அந்தரத்தில் நிற்கும். நூதனசாலைகளில் படத்தின் நடுப்பகுதி நிலத்திலிருந்து 57 அங்குலம் வரும்படி மாட்டுவது வழக்கம். அது நின்று பார்ப்பவரின் கண்மட்டம். நம் வீடுகளில் நின்று பார்க்கிறவர் யார்? நடைபாதையிலும் வாசலிலும் 57 சரி. ஹோலில் கதிரையில் இருக்கிறவரின் கண் 45 அங்குலத்தில் இருக்கிறது. கொஞ்சம் இறக்கலாம்.

படுக்கையறையில் தலைமாட்டுக்கு மேல் கண்ணாடிபோட்ட பாரமான பிரேமை மாட்டாதீர்கள், விழுந்தால் தலையில்தான். எதிர்ச்சுவரில், படுத்தபடி பார்க்கும் தூரத்தில் சின்னதாக ஒன்று நல்லது. தொழும் இடத்தில் கிப்லாப் பக்கச் சுவரை வெறுமையாக விடுங்கள். காரணம் மேலே மதீனாவில் சொல்லியாயிற்று. குசினிக்கு எழுத்துப் படம் வேண்டாம் என்பது எங்கள் கருத்து, எண்ணெய்ப் புகை எதையும் விடாது. வாங்க முன் பழைய பத்திரிகைத் தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் வீட்டில் புழங்கிப் பாருங்கள். கடைச் சுவர் பெரியது, அங்கே எல்லாம் சின்னதாகத்தான் தெரியும்.

உம்மாவின் துணிக்குக் கணக்கு சரிவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்வீட்டு அறைக்கு 16 அங்குலம் என்று விடை வந்ததும், துணியைப் போட்டோ எடுத்து, 16 அங்குல அகலத்தில் பிரின்ட் போட்டு, பிரேம் பண்ணிக் கொண்டுபோய் எதிர்ச்சுவரில் மாட்டினோம். உம்மா பார்த்தார். "வடிவாத்தான் இரிக்கி மகன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு மங்கலாத் தெரியுது" என்றார். கண்ணில் வெண்படலம் இருக்கிறது, ஒரு கண் இன்னும் வெட்டவில்லை. எங்கள் கணக்கு நல்ல கண்ணுக்குப் போட்ட கணக்கு. கடைசி வாங்குப் பிள்ளைக்குக் கண் தெரியாது என்றால் எழுத்தைப் பெருப்பிக்க வேண்டும் என்று கலாசாலையில் சொல்லித் தந்ததை நாங்களே மறந்துபோனோம்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தோம். வீட்டை எழுதிக் கொடுத்த நாளிலிருந்து உம்மா மூத்த வீட்டின் ஹோலுக்கு வருவதில்லை. பின்கதவால் குசினி வரை வருவார், தங்கச்சியோடு பேசுவார், திரும்பிவிடுவார். யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அது இப்போது மகளின் வீடு, மருமகன் இருக்கிற ஹோல். முப்பது வருசம் அஸருக்குப் பிறகு தஸ்பீஹோடு அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்தவர்.

தங்கச்சிதான் முடிவெடுத்தாள். துணியைத் திரும்பக் கொண்டுவந்து ஹோலின் பழைய சுவரில் மாட்டுவது. மச்சானின் புதுப் பிரேம் வாசல் பக்கச் சுவருக்கு. பத்தடிச் சுவரில் மூன்றரை அடித் துணி, அயா சோபியாவின் விகிதத்தை எங்கேயோ தாண்டுகிறதுதான். எழுத்தில்லாத படம், ஓட்டுக்கூரை வீடு, படலம் விழுந்த கண். பிள்ளைகள் கேட்டால் இந்தக் கணக்குக்கு வேறு சூத்திரம் என்று சொல்வதாக இருக்கிறோம். உம்மா முதலில் துணியைத் தரவில்லை. "அவக பார்த்துக் கொள்ளட்டும், எனக்கு இங்க இரிக்கட்டும்" என்றார். நீங்கள் வந்து இருந்து பார்த்தால்தான் எந்த உயரத்தில் ஆணி அடிப்பது என்று தெரியும் என்று தங்கச்சி சொன்னாள். உம்மாவின் பழைய பிரம்புக் கதிரையை ஹோலில் அதே இடத்தில் போட்டு வைத்திருந்தாள்.

நேற்று அஸருக்குப் பிறகு வந்தார். முன்கதவால்தான் வந்தார். கதிரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மச்சான் கதிரைக்குப் பக்கத்தில் சுத்தியலோடு நின்றார்.

"நாலு விரக்கடை இறக்குங்க மருமகன்" என்றார். ஆணியைக் கழற்றி இறக்கி அடித்தோம்.